சண்டைக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

ஒரு நாட்டில் இருபது, முப்பது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது என்றால் இனப்பகை, மதப்பகை, பழிக்குப் பழி என்றுதான் முதலில் காரணம் தேடுகிறோம். அவையெல்லாம் பொய்யில்லை. ஆனால் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது ஆண்டு சண்டை போட முடியாது. தோட்டா வாங்க வேண்டும், ஆட்களுக்குச் சோறு போட வேண்டும், காயம்பட்டவனுக்கு மருந்து வேண்டும். அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால், போர் ஏன் நீள்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

1990களின் பிற்பகுதியில் கொலம்பியாவில் நடந்ததைப் பாருங்கள். உலகச் சந்தையில் காபி விலை சரிந்தது. காபி விளையும் பகுதிகளில் வன்முறை கூடியது. சரி, வறுமை வந்தால் வன்முறையும் வரும் என்று முடிவு கட்டலாமா? எண்ணெய் விலை ஏறியபோது எண்ணெய் எடுக்கும் பகுதிகளிலும் வன்முறை கூடத்தான் செய்தது. ஓயிந்திரிலா துபே, ஹுவான் வர்காஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. காபிக்கு ஆள் நிறைய வேண்டும். மலைச்சரிவில் பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். விலை விழுந்தால் கூலி விழும். கூலி விழுந்தால் ஆயுதக் குழு தரும் சொற்பக் காசும் பெரிதாகத் தெரியும். எண்ணெய்க்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. விலை ஏறினால் நிரம்புவது உள்ளாட்சியின் கஜானா. அதை மிரட்டிப் பிடுங்க ஆயுதக் குழுக்கள் வந்து சேரும்.

பிடுங்குவதற்கு எளிது என்றால் ஆற்றுமண்ணில் கிடக்கும் வைரம். ஆழச் சுரங்கம் வேண்டாம், மண்வெட்டியும் சல்லடையும் போதும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டே எல்லை தாண்டிவிடலாம். ஆப்பிரிக்க நாடான அங்கோலாவில் 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு ஒருபக்கம் சோவியத் யூனியனும் கியூபாவும், மறுபக்கம் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் துணை நின்றன. பனிப்போர் முடிந்து அந்த வரத்து நின்ற பிறகும் போர் ஓயவில்லை. ஜோனாஸ் சவிம்பியின் யூனிட்டா என்ற கிளர்ச்சிப் படை வைரத்தை விற்றது, அரசு எண்ணெயை விற்றது. 2002 பிப்ரவரியில் சவிம்பி கொல்லப்பட்டார், ஏப்ரலில் சண்டைநிறுத்தம். இதில் ஒரு விஷயம் நம்பச் சிரமமாக இருக்கும். அவர் இறந்த செய்தி வந்ததும், அங்கோலாவில் உரிமம் வைத்திருந்த வைர நிறுவனங்களின் பங்குகள், சந்தையின் பொதுவான போக்கைக் கழித்துப் பார்த்தால், இறங்கின! போர் நடக்கும்வரை புதுப் போட்டியாளர்கள் எட்டிப்பார்க்க மாட்டார்கள், அரசும் கறாராகப் பேரம் பேசாது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

போரின் நஷ்டம் என்றதும் இடிந்த பாலத்தின் படத்தைக் காட்டுவார்கள். பாலத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். வியட்நாமில் அமெரிக்கக் குண்டுகள் அதிகம் விழுந்த மாவட்டங்கள்கூட 2002 வாக்கில் மற்ற மாவட்டங்களைவிட ஏழையாக இல்லை. நீண்ட உள்நாட்டுப் போரின் சேதம் வேறு மாதிரி. அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாத விவசாயி மரக்கன்று நடமாட்டார்; மூன்று மாதத்தில் அறுத்து எடுக்கிற பயிரைத்தான் போடுவார். மாட்டை விற்றுவிடுவார், யாராவது ஓட்டிக்கொண்டு போவதற்கு முன்னால். வியாபாரி பணத்தை வெளிநாட்டுக்கு மாற்றுவார், மருத்துவர் தானே கிளம்பிவிடுவார். உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டின் தனிநபர் வருமானம், போர் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட ஆண்டுக்கு 2.2 சதவீதம் பின்தங்குகிறது என்று 1999இல் பொருளியலாளர் பால் காலியர் கணக்கிட்டார். பார்க்கச் சின்ன எண்தான். பதினைந்து ஆண்டு தொடர்ந்தால் கால்பங்குக்கு மேல் போய்விடும்.

உடம்பிலும் அது பதிகிறது. உள்நாட்டுப் போரில் சிக்கிய ஆப்பிரிக்க நாடான புருண்டியில் குழந்தைகளை அளந்து பார்த்தபோது, போருக்கு நடுவே கழிந்த மாதங்கள் கூடக்கூட, வயதுக்கு இருக்க வேண்டிய உயரம் குறைந்திருந்தது. சிறுவயதில் இப்படி வளர்ச்சி குன்றியவர்கள் பெரும்பாலும் படிப்பிலும் பின்தங்குகிறார்கள், பின்னால் சம்பாத்தியத்திலும். அப்புறம், போர் ஓய்ந்த நாட்டில் கூலி இப்படிக் கீழே கிடக்கும்போது, அடுத்த ஆயுதக் குழுவுக்கு ஆள் சேர்க்க அதிகம் செலவாகாது. காபி விலை விழுந்த மலைக்கிராமத்தின் அதே கணக்கு, இந்தத் தடவை போரே கூலியை விழவைத்திருக்கிறது.