கீறலைத் தானே சரிசெய்யும் பெயிண்டும் ஹெல்முத் மோவால்டும்

கீறல் விழுந்த இடத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பெயிண்ட் என்கிறார்களே, அது விளம்பரப் பேச்சா, நிஜமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிஜம்தான். அதில் பல வகை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வகை, ஹெல்முத் மோவால்ட் என்ற ஜெர்மானியரின் ஆய்வுக்கூடத்தில் உருவானது.

மோவால்ட் கோட்டிங்கனில் இயற்பியல் படித்து 1974இல் முனைவர் பட்டம் வாங்கியவர். மியூனிக்கில் பேராசிரியராக இருந்தபோது, நீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் மிதக்கும் கொழுப்புப் படலங்களை ஒளிரும் சாயம் கலந்து நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் 1987இல் மைன்ஸ் பல்கலைக்கழகம். ஜெர்மனி இணைந்த பிறகு, பழைய கிழக்கு ஜெர்மனியின் அறிவியல் கழக நிறுவனங்களிலிருந்து ஆராய்ச்சி அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகம் கூழ்மங்களுக்கும் (நீர் போன்றவற்றில் நுண்துகள்கள் பரவிய கலவைகள்) இடைமுகங்களுக்கும் (இரண்டு பொருள்கள் சந்திக்கும் பரப்புகள்) என்றே ஒரு நிறுவனத்தை 1992இல் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர்களில் ஒருவராக 1993இல் போய்ச் சேர்ந்தார். இப்போது அது பாட்ஸ்டாம் நகரின் கோல்ம் பகுதியில் இருக்கிறது. மோவால்ட் 2018இல் காலமானார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மைன்ஸில் அவருடைய துறையில் இருந்த கெரோ டெக்கர் 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு பரப்பை, நேர்மின்னூட்டம் கொண்ட பாலிமர் (சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறு) கரைந்திருக்கும் நீரில் முக்கி எடுக்க வேண்டும், கழுவ வேண்டும், அடுத்து எதிர்மின் பாலிமரில் முக்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் அடுக்கு ஏறும். (நுண்துகள்களை இப்படி மாற்றி மாற்றி அடுக்கலாம் என்று அமெரிக்காவில் ஐலர் 1966இலேயே காட்டியிருந்தார், பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.)

எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஈர்ப்பு மட்டும்தான் காரணம் என்றால் பரப்பின் மின்னூட்டம் சமனாகி பூஜ்யமானதுமே எல்லாம் நின்றுபோயிருக்க வேண்டும், இரண்டாவது அடுக்குக்குப் பிடிமானமே இருக்காது. நடப்பது அதுவல்ல. பாலிமர் ஒரு நீண்ட சங்கிலி, அது முழுவதுமாகப் படுத்து ஒட்டுவதில்லை, சில பகுதிகள் பரப்பில் ஒட்ட, மற்றவை வளையங்களாகவும் வால்களாகவும் நீரில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தேவைக்கு மேல் மின்னூட்டம் சேர்ந்து, பரப்பின் மின்னூட்டக் குறியே, நேர் எதிராகவோ எதிர் நேராகவோ, மாறிவிடும். குறி மாறியதும் அதே வகைச் சங்கிலி அடுத்து வந்தால் விலக்கப்படும், எனவே அடுக்கு தானாகவே நின்றுவிடும், யாரும் அளந்து ஊற்ற வேண்டியதில்லை!

இன்னும் அழகான பகுதி இருக்கிறது. பாலிமர் கரைசலில் இருக்கும்போது அதைச் சுற்றி சோடியம், குளோரைடு போன்ற குட்டி அயனிகள் கட்டுண்டு கிடக்கும். சங்கிலி பரப்பில் ஒட்டியதும் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை, விடுபட்டு நீரெங்கும் பரவுகின்றன, என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. அடுக்கு இவ்வளவு உறுதியாக ஒட்டுவதற்குப் பெரும் பங்கு இந்த விடுதலைக்குத்தான். ஒழுங்கான ஓர் அடுக்கை உருவாக்குவது ஒழுங்கின்மையின் பெருக்கம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

மோவால்டின் குழு தட்டையான பரப்பை விட்டு உருண்டைத் துகள்களுக்குப் போனது. ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் துகளை மின்புலத்தில் விட்டுப் பார்த்தால், ஒரு முறை நேர்முனைப் பக்கம் ஓடும், அடுத்த முறை எதிர்முனைப் பக்கம் ஓடும். குறி மாறுவதைக் கண்ணெதிரே காட்டும் சோதனை இது. 1998இல் அவர்கள் மெலமைன் ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக் துகள்மேல் அடுக்குகளை ஏற்றிவிட்டு, அமிலத்தில் உள்துகளைக் கரைத்தார்கள். கரைந்த துண்டுகள் சுவரின் இடுக்குகள் வழியே வெளியேறிவிட, சுவர் மட்டும் வெற்றுக் குமிழியாக நின்றது. நீரின் அமில காரத்தன்மையை மாற்றினால் அந்தச் சுவர் திறந்து மூடும் என்பதும் பிறகு தெரிந்தது.

பெயிண்ட் இங்கேதான் வருகிறது. மோவால்டும் திமித்ரி ஷுகினும் 2006இல் சிலிக்கா நுண்துகள்களில் இதே அடுக்குகளை ஏற்றி, இடையில் பென்சோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பானை வைத்து, விமானங்களுக்குப் பயன்படும் அலுமினியக் கலவையின் பூச்சில் கலந்தார்கள். கீறல் விழுந்து உலோகம் அரிக்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே பி.எச். (அமில காரத்தன்மையின் அளவு) மாறும், ஓரிடத்தில் அமிலமாகவும் பக்கத்தில் காரமாகவும். அந்த மாற்றமே அடுக்குகளைத் தளர்த்தித் தடுப்பானை வெளியே விடுகிறது. அரிப்பு அடங்கினால் பி.எச். பழைய நிலைக்குத் திரும்பும், கசிவும் குறையும். புற்றுநோய் உண்டாக்கும் குரோமேட் பூச்சுகளுக்கு மாற்று தேடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நீர்மேல் மிதக்கும் கொழுப்புப் படலத்தைப் பார்த்தவரிடம் "இதனால் என்ன பயன்?" என்று அன்றைக்கே கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. நம் ஊரில் மூன்றாண்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போதே பயன் என்ன என்று எழுதச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், வாசகர் ஏமாறக்கூடாது: இந்தப் பூச்சு கீறலை மறைக்காது, பள்ளம் அப்படியே இருக்கும், காப்பாற்றப்படுவது அடியில் உள்ள உலோகம்தான், அதுவும் உள்ளே தடுப்பான் தீராதவரை.