ஏட்டுச்செவுள்: சொல் விளக்கம்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘புத்தகச் செவுள்’ என்று ஒரு சொல் வரும். குதிரைலாட நண்டு மூச்சுவிடும் உறுப்புக்கு அதுதான் பெயர். ஆங்கிலத்தில் ‘புக் கில்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிப்பதால் அந்தப் பாடநூல் இங்கே யார் கைக்கும் வருவதில்லை. சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் இந்த நண்டு சேற்றில் ஊர்வதைக் காட்டி, “இது எப்படிப்பா மூச்சு விடும்?” என்று பிள்ளை கேட்கும்போதுதான் நமக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. புத்தகச் செவுள் என்றால் தப்பில்லை. ஆனால் ‘ஏட்டுச்செவுள்’ என்பதே சரியான சொல் என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் விலங்கு. பெயரில் நண்டு இருந்தாலும் இது நண்டு இனம் அல்ல. சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. உலகில் இருப்பது நான்கே இனங்கள். சிங்கப்பூரில் இரண்டு உண்டு: சதுப்புநில இனம், கடலோர இனம். வாலைப் பார்த்தே பிரித்துவிடலாம். முதலாவதுக்கு உருண்டை வால், மற்றதுக்கு முப்பட்டை. மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்பார்கள். ஆண் பெண்ணை விடாமல் பற்றிக்கொண்டே திரிவதால், பிரியாத ஜோடியையும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இதன் வயிற்றுப் பக்கத்தைப் பார்த்தால் கால்களுக்குப் பின்னால் அகலமான தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். முதல் தட்டு மூடி. அதன் கீழே ஐந்து இணைச் செவுள்கள். ஒரு தட்டு தானாக எழும்பும் நேரத்தில் குனிந்து பார்த்தால் அடியில் மெல்லிய தகடுகள் நூறுக்கும் மேல் அடுக்காக இருப்பது தெரியும். ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிது, முழுக்க ஈரம். தட்டுகள் அசையும்போது தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்து வெளியேறும். குட்டிகள் அதே அசைவால் மல்லாந்து நீந்தவும் செய்யும்.

‘செவுள்’ நமக்கு விளக்கம் தேவையில்லாத சொல். தேக்கா சந்தையில் மீன் வாங்குகிறவர் முதலில் தூக்கிப் பார்ப்பது அதைத்தான். செவிள் என்றும் எழுதுவார்கள். மனிதருக்கும் அது உண்டு. “செவுளில் ஒன்று விட்டான்” என்றால் அறை எங்கே விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மீன் செவுளின் சிவப்பை இந்த விலங்கிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதற்குக் காரணம் ரத்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி முன்பாதி. புத்தகம் வடமொழியிலிருந்து வந்த சொல். அதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. நாம் தினமும் புழங்கும் சொல்தான். ஆனால் அது கட்டி முடித்த முழுப் பொருளைக் குறிக்கிறது. ஏடு அப்படியல்ல. பூவிதழ் ஏடு, பனையோலை ஏடு, காய்ச்சிய பாலின்மேல் படியும் ஆடை பாலேடு. மெல்லிதாய்ப் படியும் தகடு என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பாலேட்டின் ஈரமும் கூடவே வருகிறது. புணர்ச்சியிலும் சிக்கலில்லை. ஏட்டுச் சுரைக்காய் எப்படியோ, ஏட்டுச்செவுளும் அப்படியே.

ஈரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இந்த விலங்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் ஏட்டின் ஈரத்தில் கரைந்துதான் ரத்தத்துக்குப் போக முடியும். கடல் வற்றிக் கரையில் மாட்டிக்கொண்டால், நடு மூட்டில் உடலை மடித்துச் செவுள்களை மூடிக்கொள்ளும். ஏடுகள் காயாத வரை காற்றிலேயே நாள்கணக்கில் பிழைக்கும். வெயிலில் அவை உலர்ந்துவிட்டால், சுற்றிலும் காற்று இருந்தும் மூச்சு முட்டும். மண்டாய் சேற்றுவெளியில் கைவிடப்பட்ட வலைகளில் இவை சிக்கிக் கிடப்பதுண்டு. சேற்றில் புதைய முடியாமல் வெயிலில் தொங்கும்போது நடப்பது இதுதான். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத் தொண்டர்கள் அங்கே போய் வலையை அறுத்து இவற்றை விடுவித்து வருகிறார்கள். மனம் நிறைய நன்றி சொல்ல வேண்டிய வேலை.

காற்றில் மட்டுமல்ல, சேற்றுக்குள்ளும் இதே நெருக்கடிதான். சதுப்புநிலக் கருஞ்சேற்றில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும். இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ‘ஹைப்பாக்சியா’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்றால் கீழே, குறைவாக. தமிழில் உயிர்வளிக் குறைவு, அல்லது எளிமையாக ஆக்சிஜன் குறைவு; இரண்டும் சரி.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் லிமுலஸ் இனத்தில்தான் இதை அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்ததும் அது பதறுவதில்லை. செவுளின் அசைவு குறையும், நடுநடுவே நின்றும் போகும். இதயத் துடிப்பும் மெதுவாகும். செலவைச் சுருக்கிக்கொண்டு, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும். அதில் கழிவாக லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தம் அமிலமாகும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின். 1878இல் பெல்ஜியத்தின் லியோன் ஃபிரெடெரிக் எண்காலி ரத்தத்தை ஆராய்ந்து வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ‘ஹைமா’ ரத்தம், ‘கியானோஸ்’ கருநீலம். இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் ஆக்சிஜன் சேர்ந்தால் நீலமாகும், இல்லையென்றால் நிறமிருக்காது. இதைத் தமிழில் ‘நீலக்குருதிப் புரதம்’ எனலாம். நம் ஹீமோகுளோபின் அமிலம் கூடினால் ஆக்சிஜனைக் கைவிட்டுவிடும். டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904இல் விவரித்த விளைவு இது. லிமுலஸின் ஹீமோசயனின் நேர்மாறு. அமிலம் கூடக் கூட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். அதனால் ஈர ஏட்டில் எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் வீணாகாமல் ரத்தத்துக்கு வந்து சேரும்.

இந்த ரத்தம் ஊசிமருந்துகளில் கிருமி நச்சு இருக்கிறதா என்று சோதிக்கவும் பயன்படுவது பலருக்குத் தெரியும். ரத்தம் எடுக்காமலே அந்தச் சோதனையைச் செய்ய உதவும் புரதத்தை, நம் சதுப்புநில இனத்தின் மரபணுவிலிருந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

ஏடு என்ற முன்பாதியை எடுத்துக்கொண்டால் இன்னொரு வசதியும் உண்டு. தேளும் சிலந்தியும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு ஆங்கிலத்தில் ‘புக் லங்’. அதிலும் இதே அடுக்குத் தகடுகள்தான், உடலுக்குள் இருக்கின்றன. இங்கிலாந்து விலங்கியலாளர் ரே லங்கெஸ்டர் 1881இல் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் குதிரைலாட நண்டைத் தேளின் உறவாகக் காட்டினார். எனவே கடலில் ஏட்டுச்செவுள், தரையில் ஏட்டுநுரையீரல் என்று இணையாகவே பெயர் வைத்துக்கொள்ளலாம்.