தகைவு: மாட்டுக்கு வரும் ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கு ஒரு சொல்

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் பிடித்துவந்த கறவை மாடு, வீடு சேர்ந்த அன்று மாலை பெரும்பாலும் ஏமாற்றும். மடி நிறைந்திருக்கும், காம்பைப் பிடித்தால் சொட்டுத்தான் வரும். காது விறைத்திருக்கும், கால் மாற்றி மாற்றி நிற்கும். “மிரண்டிருக்கிறது, சுரப்பு விடாது. இரண்டு நாள் போகட்டும்” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கால்நடை மருத்துவர் ‘ஸ்ட்ரெஸ்’ என்பார். பத்திரிகையில் அதுவே ‘மன அழுத்தம்’ ஆகிவிடும்.

‘ஸ்ட்ரெஸ்’ஸின் வேர், இறுக்குதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பொறியாளர் கையில் உலோகத்துக்குள் எழும் விசையைக் குறித்தது. உயிருள்ள உடம்புக்கு அதை நிலைநிறுத்தியவர் ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர். எந்த வகையில் வதைத்தாலும் எலிகளுக்கு ஒரே மாதிரியான விளைவுகள் வருவதை அவர் 1936இல் எழுதினார்: சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி பெரிதாகும், நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கும், இரைப்பை புண்ணாகும்.

மிரண்ட மாட்டின் மடியில் நடப்பதைக் காட்டியது 1941இல் வெளியான ஓர் ஆய்வு. ஈலி, பீட்டர்சன் என்ற இரு அமெரிக்கர்கள் பசுவின் முதுகில் பூனையை விட்டு, பத்து நொடிக்கு ஒருமுறை காகிதப் பையை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. பிறகு பூனை தேவையில்லை என்று விட்டுவிட்டார்களாம். பூனைக்கு நல்ல காலம். மிரட்சியில் சுரக்கும் அட்ரினலின் மடியின் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. பாலை இறக்கும் ஆக்சிடோசின் போய்ச் சேர வழியில்லை. லத்தீன்காரனின் ‘இறுக்குதல்’ இங்கே சொல்லுக்குச் சொல் மெய்யாகிறது.

அதே அட்ரினலின் இதயத்தை விரட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஊருக்குள் வழிதவறி வந்த மானை நாய்கள் துரத்தினால், ஒரு கடிகூடப் படாமல் தப்பிய மான்கூட மறுநாள் செத்துக் கிடக்கலாம். ஓட்டத்தில் தசை சிதைந்து, அதிலிருந்து கசியும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். நாள்பட்ட இறுக்கத்துக்குப் பொறுப்பு கார்டிசால் என்னும் ஹார்மோன். அந்தப் பெயர் மரப்பட்டை என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அட்ரினல் சுரப்பியின் மேலுறையில் சுரப்பதால் அப்படி. தமிழில் அந்த உறைக்குப் ‘புறணி’ என்று பெயர். (ஆமாம், திண்ணையில் பேசுகிறார்களே, அதே எழுத்துகள்தான்.) கார்டிசால் சர்க்கரையை ஏற்றும், நோய் எதிர்ப்பைத் தணிக்கும்.

மறுபக்கமும் உண்டு. 1980இல் வெளியான ஓர் ஆய்வில் முயல்களுக்கு ஒரே கொழுப்புத் தீனி கொடுத்தார்கள். தினமும் தடவிக்கொடுத்துப் பேசி வளர்த்த முயல்களின் பெருந்தமனியில் கொழுப்புப் படிவு மற்றவற்றைவிட ஏறத்தாழ 60 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் இரத்தத்தில் கொழுப்பு இரு பிரிவுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே.

இனி சொல்லுக்கு வருவோம். ‘மன அழுத்தம்’ எனக்கு ஒப்பவில்லை. மனச்சோர்வு நோய்க்கும் அதையே எழுதுகிறோம். பக்கத்திலேயே இரத்த அழுத்தம் வேறு நிற்கிறது. “மன அழுத்தத்தால் அழுத்தம் கூடி” என்று எழுதிப் பாருங்கள். கால்நடை நூல்களில் வரும் ‘அயர்ச்சி’ வெயிலில் நாக்கு தள்ளி நிற்கும் மாட்டுக்குப் பொருந்தும்; அட்ரினலின் ஏறிய மாடோ அயர்ந்து நிற்பதில்லை, கயிற்றை அறுக்கும்.

அந்தக் கணத்துக்கு ‘மிரட்சி’ போதும். ‘மருள்’ என்பதன் உறவு அது. “மருண்டவன் கண்ணுக்கு” என்றும் “மிரண்டவன் கண்ணுக்கு” என்றும் ஒரே பழமொழி இரண்டு விதமாய் வழங்குகிறதே. நாள்பட்ட நிலைக்கு, இயற்பியல் பாடநூலில் ‘ஸ்ட்ரெஸ்’ஸுக்கு ஏற்கெனவே உள்ள ‘தகைவு’. தகைதல் என்றால் தடுத்தல், கட்டுதல். வேர்ப்பொருளுக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறில்லை. தகடூர்க்காரன் (தருமபுரியின் பழைய பெயர் தகடூர்) என்பதால் ‘தக’வுக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். சந்தையில் மாடு மிரள்கிறது. லாரியில் நின்றே வந்து, தெரியாத கட்டுத்தறியில் தண்ணீரும் குடிக்காமல் இரண்டு நாள் நின்றால் அது தகைவு. மூன்றாம் நாள் மடியை வெந்நீரில் துடைத்து, தவிட்டை முன்னால் வைத்தால் சுரப்பு விட்டுவிடும்.