டிரைவர் எழுதக் கிளம்பும் பிள்ளைகளே, அது படிவம் இல்லை

லினக்ஸில் டிரைவர், அதாவது கணினியோடு இணைந்த சாதனங்களை இயக்கும் நிரல், எழுதும் திட்டங்களுக்கு 'நான் இதைச் செய்வேன்' என்று எழுதிக் கொடுப்பதுதான் புரொபோசல். போன வாரம் எனக்கு அப்படி இரண்டு வந்தன. ஒன்று வியாசர்பாடியிலிருந்து, இன்னொன்று கொடுங்கையூரிலிருந்து. தலைப்பு முதல் கடைசி வரி வரை இரண்டும் ஒரே எழுத்து. பெயர் மட்டும்தான் வேறு. விசாரித்தால், இருவருமே ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒரு பையனின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். இப்படி வருவது இது முதல் தடவையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மென்டரோடு (வழிகாட்டியோடு) சேர்ந்து ஓப்பன் சோர்ஸ் நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-லிருந்து நடக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் மென்டர்ஷிப், அவுட்ரீச்சி, கிராபிக்ஸ் டிரைவர் பக்கம் எக்ஸ்.ஆர்க் நடத்தும் எண்ட்லெஸ் வெக்கேஷன் ஆஃப் கோட் என்று வேறு வாசல்களும் உண்டு. எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிறவன் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது "அக்கா, கடைசி தேதி எப்போ?" என்ற முதல் கேள்விதான். நம் பக்கத்தில் விண்ணப்பம் என்றாலே ப்ரவுசிங் சென்டர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மார்க் ஷீட், கடைசி நாள் இரவு சர்வர் மாட்டிக்கொள்வது. அரசுத் தேர்வுக்கு அது சரி. இங்கே உங்கள் சிஜிபிஏவை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் செய்து இணைத்தால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கல்லூரி முதல்வரின் சிபாரிசுக் கடிதம் வேண்டாம். மென்டர் பார்ப்பது இரண்டே விஷயம்: இந்தப் பிள்ளை ஏற்கெனவே சின்னதாக ஏதாவது சரிசெய்து அனுப்பியிருக்கிறதா, குறை சொன்னபோது எப்படிப் பதில் சொன்னது. புரொபோசல் அதற்கப்புறம் வருவது. கடைசி தேதிக்கு இரண்டு மாதம் முன்பே அந்தப் பேச்சு தொடங்கியிருக்க வேண்டும். கடைசி வாரம் வருகிறவரின் புரொபோசல் எவ்வளவு அழகாக இருந்தாலும், அவர் யாரென்றே மென்டருக்குத் தெரியாது.

"என்கிட்ட நல்ல மிஷின் இல்லையே" என்பது அடுத்தது. அரசு கொடுத்த லேப்டாப் போதும். கெர்னல் கம்பைல் ஆக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். கணினிக்குள் ஒரு போலிக் கணினியை ஓட்டும் கியூஎம்யூ மென்பொருளுக்குள் 'எடு' என்று ஒரு பொய்ச் சாதனம் இருக்கிறது. மதர்போர்டில் செருகும் பிசிஐ சாதனங்களுக்கு டிரைவர் எழுதிப் பழகுவதற்காகவே செய்தது. அதன் ரெஜிஸ்டர் (எண்ணை வைக்கும் சின்ன இடம்) ஒன்றில் 5 என்று எழுதினால், கணக்குப் போட்டு முடித்ததும் அங்கேயே 120 இருக்கும், ஃபேக்டோரியல். முடிந்ததும் 'வேலை முடிந்தது' என்று ப்ராசஸருக்கு இன்டரப்ட் அனுப்பவும் சொல்லலாம். இதற்கு ஒரு டிரைவர் எழுதிப் பாருங்கள், பாதி பயம் போய்விடும். கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ஓடும் விகேஎம்எஸ் டிரைவர் 2018-ல் கெர்னலுக்குள் வந்தது. அது அவுட்ரீச்சியிலும் சம்மர் ஆஃப் கோடிலும் சேர்ந்த இருவர் உழைப்பில் வளர்ந்தது. உங்களைப் போல விண்ணப்பித்து வந்தவர்கள்தான்.

முதல் பேட்ச், அதாவது கோடில் நீங்கள் செய்த திருத்தம், சின்னதாக இருக்கட்டும். கெர்னல் கோடின் டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்டேஜிங் என்று, இன்னும் சீர்செய்ய வேண்டிய டிரைவர்கள் இருக்கும் ஒரு இடம் இருக்கிறது, அங்கே தொடங்கலாம். அனுப்பும் முன், கோடின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கெர்னலுக்குப் பேட்ச் மெயிலில்தான் போகும். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டே சொல்லும். ஜிமெயிலைத் திறந்து பேஸ்ட் செய்யவே செய்யாதீர்கள்: டேப் எல்லாம் ஸ்பேஸாகி, நீளமான வரி உடைந்து, பேட்ச் அப்ளை ஆகாமல் நிற்கும். நல்ல கோடு இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பி வருவதைப் பார்க்க வயிறு எரிகிறது. பேட்சை உடையாமல் மெயிலில் அனுப்பும் கிட் சென்ட்-இமெயில் எதற்கு இருக்கிறது? முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர்களின் தொகுப்பான மெசா பக்கம் போனால் மெயில் இல்லை, கிட்லேப் தளத்தில் 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மெர்ஜ் ரிக்வெஸ்ட். அந்தந்த வீட்டு வழக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

பேட்சின் கீழே 'சைன்டு-ஆஃப்-பை' என்று உங்கள் பெயர் போகும். அலங்காரத்துக்குப் போடுவதில்லை அது. இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி. அடுத்தவர் கோடை எடுத்து அதன்கீழ் உங்கள் பெயரைப் போட்டால் பொய் சொன்னதாகும், அந்தப் பெயர் மெயில் ஆர்க்கைவில் அப்படியே நிற்கும். விலைக்கு வாங்கிய புரொபோசலும், சாட்பாட் எழுதியதைப் படிக்காமலே அனுப்புவதும் அதே ரகம். இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

செமஸ்டர் தேர்வை மறைக்காதீர்கள். கோடைத் திட்டம் தொடங்கும் நேரத்தில்தான் நம் பிள்ளைகளுக்குத் தேர்வு வரும். இந்த இரண்டு வாரம் என்னால் முடியாது என்று அட்டவணையிலேயே எழுதுங்கள். மென்டர்கள் அதை மதிப்பார்கள். சொல்லாமல் காணாமல் போனால்தான் பிரச்சினை. எண்ட்லெஸ் வெக்கேஷனைக் கோடையில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நம் காலண்டருக்கு அது ஒத்து வரலாம்.

அப்புறம் இங்கிலீஷ். "எழுதத் தெரியாது" என்று தொண்டை அடைத்துப் பேசும் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: மூன்று வரி போதும். என்ன செய்தேன், என்ன ஆனது, என்ன ஆகும் என்று நினைத்தேன். கூடவே டிமெசெக்கில் (கெர்னலின் செய்திப் பதிவு) வந்ததை அப்படியே சேருங்கள். இலக்கணப் பிழைக்காக யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. பதில் வரவில்லையென்றால் மறுநாளே மறுபடி அனுப்பாதீர்கள், தனி மெயிலில் துரத்தாதீர்கள். ஒரு வாரமாவது பொறுங்கள், அதற்குள் அடுத்த பேட்சைப் பாருங்கள். தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் இருக்கிற பிள்ளைகள், செக்பேட்ச் என்ன சொல்கிறது என்று புரியவில்லையென்றால் அதை அப்படியே காப்பி எடுத்து எனக்கு அனுப்புங்கள். புரொபோசலை மட்டும் அனுப்பாதீர்கள், முதலில் பேட்ச்.