மெக்கர் என்னும் காப்புத்தடைமானி

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஒயரிங் முடிந்த கட்டடத்துக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால், அனுபவப்பட்ட எலக்ட்ரீஷியன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மெக்கர் போட்டுப் பார்த்தாயா?" கம்பியின் இன்சுலேஷன் மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவிதான் மெக்கர் என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால்தான் பலரும் யோசிக்கிறார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் தம்பி, மெக்கர் என்ற வெள்ளைக்காரர் கண்டுபிடித்த கருவி அது என்று நம்பிக்கொண்டிருந்தான். ஓம், வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஆட்களின் பெயரிலிருந்து வந்திருக்கும்போது அவன் அப்படி நினைத்ததில் தவறில்லை.

மெக்கர் ஆட்பெயர் அல்ல, வணிகப்பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி எவர்ஷெட் 1889-இல் இவ்வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அவர் விக்னோல்ஸ் என்பவருடன் சேர்ந்து நடத்திய நிறுவனம் 1903-இல் 'மெக்கர்' என்னும் பெயரைப் பதிவு செய்தது. மெகா ஓம் என்ற அளவைச் சுருக்கி உருவாக்கிய பெயர் அது. 'மெகாஸ்' என்றால் கிரேக்கத்தில் பெரியது என்று பொருள். அளவியலில் மெகா என்பது 10 லட்சம். ஓம் என்பது மின்தடையின் அலகு. 1827-இல் தம் விதியை வெளியிட்ட ஜெர்மானியர் ஜார்ஜ் சைமன் ஓம் நினைவாக வைத்தது. ஆக, மெக்கர் என்றால் பத்து லட்சம் ஓம் கணக்கில் அளக்கும் கருவி. எந்த நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரத்தையும் ஜெராக்ஸ் என்பதுபோல், எந்த நிறுவனம் செய்த கருவியும் இன்று மெக்கர்தான்.

இந்தப் பெயரில் ஒரு குறை இருக்கிறது. எவ்வளவு பெரிய அளவு என்று சொல்கிறதே தவிர, எதை அளக்கிறது என்று சொல்வதில்லை. அளக்கப்படுவது இன்சுலேஷன்.

'இன்சுலா' என்பது லத்தீனில் தீவு. சுற்றிலும் கடல் இருக்கத் தனித்து நிற்பது தீவு. அதுபோல் மின்கம்பியைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்துத் தனிமைப்படுத்துவதால் அதற்கு இன்சுலேஷன் என்று பெயர் வைத்தார்கள். தமிழ் வேறு வழியில் போயிருக்கிறது. நமக்கு அது காப்பு. 'கா' என்னும் வேரிலிருந்து காவல், காவலன், காப்பு எல்லாம் வருகின்றன. குறளிலேயே ஆளப்பட்ட பழஞ்சொல் இது. பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது. மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டுகிறோம். குழந்தையின் கையில் போடும் வளையமும் காப்பு. செம்புக் கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் பி.வி.சி. உறையைப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தீவு தனியாக நிற்கும், அவ்வளவுதான். காப்பு என்றால் யாரை, எதிலிருந்து என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

சரி, கருவிக்கு என்ன பெயர்? 'மின்தடைமானி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொதுவான ஓம் மீட்டருக்கு உரிய பெயர். அந்தச் சொல்லில் இன்னொரு தொல்லையும் உண்டு: பாடநூலில் மின்தடை என்றால் மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை; செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்றால் கரண்ட் இருக்காது. இரண்டையும் ஒரே சொல்லில் ஏற்றி மாணவர்களைக் குழப்புகிறோம். 'மின்காப்புச் சோதிப்பான்' தேவலாம். ஆனால் சோதிப்பான் என்றதும் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் டெஸ்டர் நினைவுக்கு வருகிறது. இந்தக் கருவி எவ்வளவு என்று சொல்கிறது. ஆகவே நான் எழுதுவது காப்புத்தடைமானி. காப்பு எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. 'மானி' வடமொழி வழி வந்ததாயிற்றே என்பவர்கள் 'காப்புத்தடை அளவி' என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை. 'காப்பு' மட்டும் விட்டுப்போகக் கூடாது.

விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதைக் கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பார்த்தேன். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை பத்து நாட்களாக விடவில்லை. பச்சை இலை வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டார் ஒரு மாதம் ஓடாமல் கிடந்தது. தம்பி மல்டிமீட்டரை, மின்சாரம் போக வழியிருந்தால் பீப் என்று ஒலிக்கும் நிலையில் வைத்து, வைண்டிங் என்னும் உள்சுருளுக்கும் மோட்டாரின் உடலுக்கும் நடுவில் தொட்டுப் பார்த்தான். ஒலி வரவில்லை. "அண்ணா, பாடி லீக் இல்லை, போடலாம்" என்றான். போட்டோம். தொட்டியின் விளிம்பில் கை வைத்த ஒரு அக்கா, சுருக்கென்றது என்று கையை இழுத்துக்கொண்டார்.

உடனே மெயினை அணைத்துவிட்டுக் காப்புத்தடைமானியை இணைத்தேன். 0.3 மெகா ஓம். கணக்கு எளிது: 230 வோல்ட்டை 3 லட்சம் ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 0.8 மில்லி ஆம்பியர். தோலில் சுருக்கென்று தெரியும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் பிரேக்கருக்குத் தெரியாது. எர்த் கம்பி துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது வேறு. ஈரம் இன்னும் ஏறியிருந்தால் 0.3 எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. பீப் ஒலி சில பத்து ஓமுக்குள் இருந்தால்தான் வரும். 3 லட்சம் ஓம் அதன் காதில் விழாது. ஓம் அளவில் வைத்தாலும் அது சில வோல்ட் பேட்டரியைக் கொண்டு தட்டிப் பார்க்கிறது. நம் 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த அழுத்தத்தில் காப்பு தாங்குமா என்பதை அதற்கு மேலான அழுத்தத்தில்தான் அறிய முடியும். சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்குமுன் காற்றடித்துக்கொள்வது அதனால்தானே? காப்புத்தடைமானி 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தைச் செலுத்துகிறது. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் நான் இணைப்புக் கொடுப்பதில்லை.

அந்த மோட்டாரைத் திறந்து, உள்ளே இரண்டு 200 வாட் குண்டு பல்புகளை எரியவிட்டுச் சாக்கால் மூடி இரவு முழுக்கக் காயவைத்தோம். காலையில் 20 மெகா ஓம் காட்டியது. எர்த் கம்பியைப் புதிதாக இழுத்த பிறகே மோட்டாரை ஓட்டினோம்.

பழைய கைப்பிடி மெக்கரை முதன்முதலில் பார்ப்பவர்கள் அது கெட்டுப்போனது என்று நினைப்பார்கள். சும்மா இருக்கும்போது முள் நடுவழியில் எங்காவது நின்றிருக்கும். இரண்டு சுருள்களின் இழுப்பில்தான் அது நகர்கிறது. திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங் கிடையாது. அதனால் அளப்பதற்கு முன் இரண்டு சோதனை: கம்பிகளைப் பிரித்துவைத்துச் சுற்றினால் முள் முடிவிலிக்குப் போக வேண்டும், இரண்டையும் சேர்த்து மெதுவாகச் சுற்றினால் சுழியத்துக்கு வர வேண்டும். டிஜிட்டல் கருவிக்கும் இதையே செய்கிறேன். கருவியை நம்புவதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை கோவைக்கு அனுப்பி அளவு திருத்தி வாங்குவது தனி.

மலையில் வேலை செய்பவர்கள் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்றாவது முனை. லைன், எர்த் போகக் 'கார்டு' (guard) என்று ஒன்று சில கருவிகளில் இருக்கும். மூடுபனி இறங்கிய நாளில் கேபிளின் வெட்டுமுனையில் படியும் ஈரப்படலம் வழியாகவும் மின்சாரம் ஊர்ந்துபோகும். கேபிள் நன்றாக இருந்தும் அளவு கெட்டதாகக் காட்டும். அந்த முனையில் காப்பின்மேல் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றிக் கார்டில் இணைத்தால், மேற்பரப்புக் கசிவு கணக்கில் சேராது. சமவெளியில் இது அவ்வளவாகத் தேவைப்படாது. இங்கே நான் இது இல்லாத கருவியை வாங்க மாட்டேன். இந்த முனையின் வேலையும் காவல்தான். அதற்குக் 'காவல்முனை' என்று எழுதலாம்.

அளக்கும் முன் மெயினை அணைத்து, டெஸ்டரை உயிருள்ள இணைப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், டிவி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். 500 வோல்ட் அவற்றின் உள்சுற்றைக் கெடுத்துவிடும். அளந்து முடிந்ததும் கேபிளில் தேங்கிய மின்னூட்டத்தை எர்த்தில் இறக்க வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையில் இப்போது ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். முன்பு 'மெக்கர் வேல்யூ' என்றிருந்த கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டுக் 'காப்புத்தடை, மெகா ஓமில்' என்று தம்பி எழுதியிருக்கிறான். அன்று கையை இழுத்துக்கொண்ட அக்கா அதைப் படித்துவிட்டு, "எங்களுக்கான காப்பா, தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றான்.