சுரங்கத்து நீரிலிருந்து செங்காவி

நிலக்கரி கறுப்பாயிருக்க, கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் நீர் மட்டும் ஏன் காவி நிறத்தில் ஓடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சண்டே கிரீக் அத்தகைய ஓர் ஓடை. வெட்டிய நிலத்தைச் சீர்செய்தாக வேண்டும் என்ற கூட்டரசுச் சட்டம் அந்நாட்டில் 1977-இல்தான் வந்தது. அதற்கு முன்பே கைவிடப்பட்ட சுரங்கங்களின் நிலக்கரி எரிந்து கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. குடைந்த வெற்றிடத்தில் நிரம்பிய நீரோ இன்றும் வழிந்துகொண்டிருக்கிறது.

நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்னும் கனிமம் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதன்மேல் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகி, இரும்பு கரைகிறது. நீர் நிரம்பிய சுரங்கத்தில் ஆக்சிஜன் குறைவாதலால், இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்த ஃபெரஸ் இரும்பு கரைந்தபடியே கிடக்கிறது. அங்கிருந்து புதிதாக வெளிவரும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தால் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும். வெளிக்காற்று பட்டபின் இன்னோர் எலக்ட்ரானை இழந்து அது ஃபெரிக் இரும்பாகி, கரைந்திருக்க மாட்டாமல் காவி வண்டலாகப் படிகிறது. ஓடைக் கற்களை அது போர்த்திவிட்டால், அடியில் வாழும் பூச்சிகளுக்கும் அவற்றை உண்ணும் மீன்களுக்கும் பிழைப்பில்லை.

அமிலமும் காரமும் மிகாத நடுநிலையை ஒட்டிய நீரில், அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு ஒன்று கூடினால், இம்மாற்றத்தின் வேகம் சுமார் 100 மடங்கு கூடுகிறது. ஒஹாயோ பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் கை ரீஃப்ளரின் முறை இதையே பயன்படுத்துகிறது: காரம் சேர்த்து, காற்றைச் செலுத்தி, ஓடையில் படியவிருந்த இரும்பைத் தொட்டியிலேயே படியவைப்பது. அங்கேயே ஓவியம் கற்பிக்கும் ஜான் சாப்ரா அந்த வண்டலை வண்ணமாகக் குழைத்துத் தம் ஓவியங்களில் தீட்டினார். பின்னர் கேம்ப்லின் நிறுவனம் இவ்வண்ணங்களை விற்பனைக்கும் கொண்டுவந்தது. குடுவையில் வெற்றி பெற்ற ஒன்றை ஓடைக்கரைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் மானியங்கள் இத்தகைய ஆய்வுக்குப் போதா என்பது என் உறுதியான கருத்து.

கழுவி உலர்த்திய வண்டல் மஞ்சள் காவி. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், படிகத்துள் பிணைந்திருந்த நீர்க்கூறு ஆவியாகி வெளியேற, அது செங்காவியாகிறது. சூளையில் செங்கல் சிவப்பதற்கும் இம்மாற்றமே முக்கியக் காரணம். வெப்பத்தை இன்னும் கூட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. அப்போதும் அது அதே இரும்பு ஆக்சைடுதான். துகள் பருத்ததாலேயே அதன் சிவப்பு மெல்ல ஊதாவாகத் திரிகிறது.