படுத்தால் மின்னும் செதில்கள்

சிவப்பு பெயின்ட் குப்பியிலும் சிவப்புதான், காய்ந்த பிறகும் சிவப்புதான். வெள்ளி அப்படியில்லை. குப்பிக்குள் சாம்பல் நிறக் கூழாகக் கிடக்கும். விமானம், வீரன் போன்றவற்றின் சிறிய மாடல் ஒன்றில் பூசினால் தகடு அடித்ததுபோல் பளிச்சிடும்; அதே பெயின்ட் இன்னொரு மாடலில் திருநீறு பூசியதுபோல் மங்கிப்போகும். பெயின்டைக் குறை சொல்வதில் பயனில்லை. வெள்ளி என்பது நிறமே அல்ல. ஒளி திரும்பிவரும் விதம்.

சாதாரண நிறமி பொடி வடிவில் இருக்கும். அதன்மேல் விழும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். வெள்ளி போன்ற மெட்டாலிக், அதாவது உலோகத் தோற்றம் தரும் பெயின்டில் இருப்பவை தட்டையான செதில்கள். பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் தடிமன்கூட இல்லாத, ஆனால் பல மைக்ரோமீட்டர் அகலமுள்ள சின்னஞ்சிறு கண்ணாடிகள். அவை பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் விழுந்த ஒளி ஒரே திசையில் திரும்பும். மாடலைக் கையில் வைத்துத் திருப்பும்போது ஒரு பக்கம் பளீரென்றும் மறுபக்கம் கறுத்தும் தெரியும். இந்த மாற்றத்தை வைத்துத்தான் நம் கண் அதை உலோகம் என்று நம்புகிறது. செதில்கள் தாறுமாறாக நின்றால் ஒளி சிதறும். மிஞ்சுவது சாம்பல் நிறம்.

செதில்களைப் படுக்கவைப்பது யார்? பாதி வேலையைக் காய்தலே செய்துவிடுகிறது. மாடல்களுக்குப் பூசும் அக்ரிலிக் பெயின்ட் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துளிகள். நீர் ஆவியானதும் அவை நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. படலத்தின் தடிமன் குறையக் குறைய, சாய்ந்து நிற்கும் செதில்களுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது, படுத்துவிடுகின்றன. தடித்துப் பூசினால் மேற்பரப்பு முதலில் இறுகி, உள்ளே செதில்கள் நின்றபடியே சிக்கிக்கொள்ளும். ஒரு கனத்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சு மேல் என்பது இதனால்தான். காற்றின் வேகத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். தூரிகை என்றால் ஒரே திசையில் இழுத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொட்டால் படுத்த செதில்கள் எழுந்துகொள்ளும், அந்தத் தடம் மறையவே மறையாது. தண்ணீரை அதிகம் கலப்பதும் ஆபத்து. பிசின் நீர்த்துப்போய், செதில்கள் பள்ளங்களில் போய்த் தேங்கும். நிறமி சேராத பிசின் திரவமான அக்ரிலிக் மீடியம் கலப்பதே நல்லது.

இந்தச் செதில்கள் எதனால் ஆனவை என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலோகத்துக்கு உலோகம்தானே சரி என்று அலுமினியத் தூளை நீர் பெயின்டில் அப்படியே போட முடியாது. அலுமினியம் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். மூடிய குப்பி உப்பும். அதனால் ஒவ்வொரு செதிலுக்கும் சிலிக்கா போன்ற ஒரு கவசம் போடுகிறார்கள். இன்னொரு வழி, நம்மவர்கள் காக்காப்பொன் என்று அழைத்த மைக்கா. ஏடு ஏடாகப் பிரியும் இந்தக் கனிமத்தை நுண்செதில்களாக்கி, மேலே டைட்டானியம் டை ஆக்சைடைப் படியவைக்கிறார்கள். அந்தப் படிவு சுமார் 50 நானோமீட்டர் என்றால் வெள்ளி. 70 என்றால் பொன். அதே பொருள்தான், தடிமன் மட்டுமே வேறு. சோப்புக் குமிழில் வானவில் தெரிவதும் இப்படித்தான்: படலத்தின் மேல்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன.

மைக்கா ஒளியை ஓரளவு உள்ளே விடும். அப்படி நுழைந்த ஒளி வெள்ளை அடிப்பூச்சில் பட்டால் சிதறி மேலே வந்து எல்லாவற்றையும் வெளிறடிக்கும். கறுப்பில் பட்டால் அங்கேயே அடங்கிவிடும். செதில் திருப்பி அனுப்பியது மட்டும் நம் கண்ணுக்கு வரும். அந்தக் கறுப்பும் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான தரையில் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினால் எப்படி ஒரே மட்டத்தில் கிடக்கும்?

பலரும் கவனிக்காத ஒன்று, செதிலின் அளவு. மாடல் சிறுத்தாலும் செதில் சிறுப்பதில்லை. உண்மையானதில் 72-ல் ஒரு பங்கான 1/72 அளவு விமான மாடலில் 50 மைக்ரோமீட்டர் செதில் ஒன்று இருந்தால், உண்மையான விமானத்தில் அது 3.6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஜிகினாத் துண்டு. எந்த விமானத்தின் உடலிலும் அப்படி மினுக்கும் புள்ளிகள் கிடையாது. மாடல் மற்ற எல்லா வகையிலும் துல்லியமாக இருக்கும், ஆனாலும் பொம்மைபோல் தெரியும். காரணம் இந்தப் பொடிப்பொடியான மினுமினுப்பு. மினியேச்சர் வீரனின், அதாவது குட்டி வீரப் பொம்மையின் கவசத்தில் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. விமானத்துக்கு, கிடைப்பதிலேயே நுண்ணிய செதிலுள்ள பெயின்டைத்தான் தேட வேண்டும்.

1944 வாக்கில் அமெரிக்கப் போர் விமானங்கள் பல, வண்ணம் பூசாத வெற்று அலுமினியத்தோடு பறந்தன. அவற்றின் புகைப்படங்களைப் பார்த்தால் தகட்டுக்குத் தகடு வெளிச்சம் வேறுபடுவது தெரியும். முழு உடலுக்கும் ஒரே வெள்ளி அடிக்காமல், சில தகடுகளை மறைத்துவிட்டு மற்றவற்றுக்குக் கறுப்போ நீலமோ ஒரு துளி கலந்து அடித்தால் அந்த உயிர் மாடலிலும் வரும்.

அப்படிப் பல நாள் உழைத்து முடித்த ஒரு விமானத்தின்மேல், பாதுகாப்புக்கு என்று பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். காய்ந்தபோது அத்தனை தகடுகளும் ஒரே சாம்பலாகியிருந்தன. மேட் வார்னிஷில் ஒளியைச் சிதறடிக்கவென்றே நுண்துகள்கள் உண்டு. அடியில் படுத்திருந்த செதில்கள் அப்படியே இருந்தும் அவற்றின் ஒளி ஒழுங்காக வெளியே வர முடியவில்லை. மேலே பளபள வார்னிஷை மெல்ல அடித்ததும் பெரும்பகுதி திரும்பி வந்தது. அன்றிலிருந்து உலோகப் பரப்புக்குப் பளபள வார்னிஷ் அல்லது அரைப் பளபளப்புள்ள சாட்டின் மட்டும்தான். தூரிகை கழுவும் தண்ணீரையும் தனியாக வைத்துக்கொள்கிறேன், அதில் மிதக்கும் செதில் அடுத்த மினியேச்சரின் கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால்.